புஜ் நகரின் சந்துகளும் அகமதாபாத்தின் தூண்களும்

அனைவருக்கும் வணக்கம். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் பொறியியல் மாணவர்கள், மீதிப் பேர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். அதனால் இன்று சமன்பாடுகள் வேண்டாம். குஜராத்தில் ஒரே நிலநடுக்கத்தில் சிக்கிய இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசுகிறேன். கட்ச் மாவட்டத் தலைநகரான புஜ் நகரில் வீடு இடிந்தது மட்டும் ஆளைக் கொல்லவில்லை, தெருவும் சேர்ந்து கொன்றது. அகமதாபாத்தில் கட்டடத்தின் கீழ்த்தளத் தூண்கள் கொன்றன. இரண்டும் நம் சென்னையிலும் இருக்கின்றன. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2001 ஜனவரி 26. குடியரசு நாள். காலை 8 மணி 46 நிமிடம். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பச்சாவ் ஊருக்குப் பக்கத்தில், பூமிக்கடியில் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை பிளந்து நழுவியது. அளவு 7.7. தரை ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆடியது. இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 13,800க்கு மேல். வேறு மதிப்பீடுகள் 20,000 வரை போகின்றன. காயம்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பச்சாவ் ஊரில் நிற்கும் வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கட்ச் மக்களுக்கு இது முதல் நிலநடுக்கம் அல்ல. 1819இல் வந்தது ரண் என்ற உப்புச் சதுப்பு நிலத்தில் பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்குத் தரையையே மேடாகத் தூக்கிவிட்டது. அந்த மேட்டுக்கு மக்கள் வைத்த 'அல்லா பந்த்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 1956இல் அஞ்சார் ஊரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டின் நிலநடுக்க வரைபடத்திலும் கட்ச் அப்போதே மிக உயர்ந்த ஆபத்து மண்டலமான ஐந்தாம் மண்டலத்தில்தான் இருந்தது. ஆபத்து தெரிந்ததுதான். தெரிந்ததைக் கொத்தனார் கையிலும் நகராட்சி மேசையிலும் யாரும் கொண்டு சேர்க்கவில்லை.

முதலில் அஞ்சாரைச் சொல்கிறேன். விடுமுறை நாள் என்பதால் பள்ளிக் கட்டடங்களும் அலுவலகங்களும் பெரும்பாலும் காலியாக இருந்தன. வேறு நாளாக இருந்திருந்தால் சாவு இன்னும் கூடியிருக்கும். ஆனால் அஞ்சாரில் பள்ளிப் பிள்ளைகள் குடியரசு நாள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள், பழைய ஊரின் ஒரு குறுகலான தெரு வழியாக. தரை ஆடியதும் இரண்டு பக்கத்து வீடுகளும் அந்தத் தெருவுக்குள்ளேயே சரிந்தன. 185 பிள்ளைகள், 20 ஆசிரியர்கள். அவர்களுக்காக 2022இல் அங்கே ஒரு நினைவிடம் திறந்தார்கள்.

நிலநடுக்கம் வந்தால் வீட்டை விட்டு வெளியே ஓடு என்றுதான் நம்மில் பலருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வெளியேதான் இருந்தார்கள். வெளி என்பது எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. தெரு இரண்டு மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் ஆறேழு மீட்டர் உயரச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் வெளிப்பக்கம் சரிந்தால் கல் எங்கே போகும்? தெருவைத் தவிர அதற்கு வேறு இடமில்லை. எதிர்ச் சுவரும் விழுந்தால் தெரு என்ற ஒன்றே இல்லாமல் போய், ஆள் உயரத்துக்குக் கல்மேடு மட்டும் நிற்கும்.

புஜ் நகரின் கோட்டைக்குள் இருந்த பழைய ஊர் அப்படித்தான் ஆனது. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மூன்று மாடிக் கல் வீடுகள். வளைந்து வளைந்து போய் முட்டுச்சந்தில் முடியும் தெருக்கள். பல முட்டுச்சந்துகளுக்கு ஒரே ஒரு வாய்தான். வாயில் ஒரு வீடு விழுந்தால் உள்ளே இருக்கும் குடும்பங்கள் அத்தனைக்கும் வழி அடைபட்டது.

அந்தச் சுவர்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தடிமன் ஒன்றரை அடி, இரண்டு அடி இருக்கும். பார்த்தால் கோட்டைச் சுவர் மாதிரி பலமாகத் தெரியும். ஆனால் அது ஒரே சுவர் இல்லை. வெளிமுகம் ஒரு வரிசை, உள்முகம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். இரண்டு முகத்தையும் குறுக்கே கோத்துப் பிடிக்க அங்கங்கே நீளக் கல் வைக்க வேண்டும். பல வீடுகளில் அது இல்லை. ஆட்டம் தொடங்கியதும் நடுவில் இருக்கும் சில்லுகள் குலுங்கிக் கீழே இறங்கின, இரண்டு முகங்களையும் வெளியே தள்ளின, சுவர் வயிறு புடைத்து வெடித்தது. அதற்கு மேல், பிற்காலத்தில் ஓட்டுக் கூரையையும் மரத்தையும் எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்ட வீடுகள் பல. மண் சாந்தில் கட்டிய சுவரின் தலையில் அவ்வளவு எடை. சுவர் போனதும் தளம் அப்படியே ஆள் மேல் இறங்கியது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், மண் வீடு என்றாலே பலவீனம் என்று நம்புகிறவர்களுக்காக. கட்ச் மாவட்டத்தின் பன்னி புல்வெளிப் பகுதியில் 'புங்கா' என்ற வட்ட வடிவ மண் வீடுகள் உண்டு. வட்டச் சுவர், மேலே கூம்பு வடிவில் இலேசான புல் கூரை. நன்றாகக் கட்டிய புங்காக்கள் பெரும்பாலும் தப்பின. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது. கிழிசல் தொடங்க மூலைதான் வசதியான இடம். கூரையில் எடையும் கிடையாது. 1819க்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் கற்றுக்கொண்டது அது என்று நான் நினைக்கிறேன்.

சரி, மீட்புக்கு வருவோம். எந்த நிலநடுக்கத்திலும் இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுப்பது அக்கம்பக்கத்தார்தான். வெறும் கை, கடப்பாரை, மண்வெட்டி. முதல் சில மணி நேரம்தான் முக்கியம். வெளிநாட்டுக் குழுவும் மோப்ப நாயும் வந்து சேர நாள் கணக்காகும். புஜ் நகரில் அந்த முதல் நேரத்தில் சந்துகளுக்குள் இயந்திரம் போக வழியில்லை. பொக்லைன் வேண்டாம், ஒரு தள்ளுவண்டி போகக்கூட இடமில்லை. உள்ளே இருந்து குரல் கேட்கிறது; மேலே கிடக்கும் தளத்தைத் தூக்கக் கிரேன் வேண்டும்; கிரேன் கோட்டை வாசலுக்கு வெளியே நிற்கிறது. அங்கே செத்தவர்கள் எத்தனை பேரைக் கல் கொன்றது, எத்தனை பேரைத் தாமதம் கொன்றது என்று பிரித்து எந்தக் கணக்கிலும் எழுத மாட்டார்கள். ஆனால் நகரமைப்புப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்தக் கேள்வியோடு ஒருநாள் தூங்காமல் இருக்க வேண்டும்.

அரசு பொது மருத்துவமனையும் இடிந்து விழுந்தது. காயம்பட்டவர்களை ஜூபிலி மைதானத்தில் வெட்டவெளியில் கிடத்தி மருத்துவம் பார்த்தார்கள். ஊரில் ஒரு மைதானம் இருந்ததே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது அகமதாபாத். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஊர். அங்கே சுமார் 750 பேர் இறந்தார்கள். புஜ் மாதிரி பழைய கல் வீடுகளில் இல்லை, பெரும்பாலும் புதிய கான்கிரீட் அடுக்குமாடிகளில். எழுபது கட்டடங்களுக்கு மேல் விழுந்தன. பல, கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆனவை. பழைய நகரத்தில் 'போள்' எனப்படும் குடியிருப்புகளில் மரச் சட்டம் கோத்துக் கட்டிய நூறு வயது வீடுகள் பல பெரிய சேதமில்லாமல் நின்றன. கடன் வாங்கிப் புது ஃபிளாட் வாங்கிய குடும்பம் போனது; பாட்டன் கட்டிய மர வீட்டில் இருந்த குடும்பம் பிழைத்தது.

ஏன் என்று பார்த்தால் காரணம் மர்மமில்லை. விழுந்தவற்றில் மிகப் பல தரைத்தளமும் நாலு மாடியும் கொண்டவை. தரைத்தளம் கார் நிறுத்தத் திறந்து விடப்பட்டது, நம் ஊரில் ஸ்டில்ட் என்கிறோமே அதேதான். மேலே ஒவ்வொரு தளத்திலும் அறைக்கு அறை செங்கல் சுவர். அதனால் மேல்பகுதி விறைப்பாக இருக்கும். கீழே வெறும் தூண்கள். தரை பக்கவாட்டில் அசைந்தால் வளைய வேண்டிய வேலை முழுவதும் அந்தக் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விழுகிறது. சப்பரம் தூக்குகிறவர்களுக்கு ஒரே நேரத்தில் முழங்கால் மடங்கினால் என்ன ஆகும்? சப்பரம் உடையாது, அப்படியே இறங்கிவிடும். அகமதாபாத்தில் பல கட்டடங்கள் அப்படித்தான் இறங்கின. முதல் மாடி பால்கனி தரையில் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் இன்னொரு விஷயம். இதில் தெருவும் கட்டடமும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. தரையில் மனை எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் மேல் மாடிகளைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்ளலாம். பரப்பு வேண்டுமே, எல்லோரும் நீட்டினார்கள். நீட்டிய விளிம்பில் மேலே ஒரு தூண் வரிசை நிற்கும்; அது முதல் தளப் பீமில் முடிந்துவிடும், தரைக்கு வராது. மிதக்கும் தூண் என்பார்கள் இதை. சாதாரண நாளில் எடையைத் தாங்கும். தரை ஆடும் நாளில் விசை மேலிருந்து கீழே இறங்கி அடித்தளத்துக்குப் போக நேர் வழி இருக்காது. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று போட்ட நல்ல விதி ஒன்று, பொறியாளரைக் கேட்காமல் போட்டதால், கெட்ட தூணைப் பிறப்பித்தது.

உடைந்த தூண்களின் படங்களைப் பார்த்தால், கட்டுமான இடத்தில் ஒருநாள் நின்றவர்களுக்குக்கூடப் புரியும். தூணில் நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவோம் அல்லவா? அந்த ரிங்கின் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்தில் கொக்கி வளைக்க வேண்டும். அதை வெறுமனே செங்கோணத்தில் மடக்கி விடலாம். அல்லது இன்னும் உள்ளே, 135 பாகைக்கு மடக்கி, முனையைத் தூணின் நடுக் கான்கிரீட்டுக்குள் செருகலாம். செங்கோணத்தில் மடக்கினால், வெளி மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துகொள்ளும். உள்ளே கான்கிரீட் நொறுங்கி வெளியே வரும், நிற்கும் கம்பிகள் வில் மாதிரி புடைக்கும், தூண் முடிந்தது. உள்ளே மடக்கினால் ரிங் விடாது. கான்கிரீட் நொறுங்கினாலும் கூட்டுக்குள்ளேயே கிடந்து எடையைத் தாங்கும், ஆட்கள் இறங்கி ஓட நேரம் கிடைக்கும். கம்பி கட்டுபவருக்கு ஒரு ரிங்குக்குச் சில வினாடி அதிக வேலை. இரண்டு விரல் நீளக் கம்பி அதிகச் செலவு. தூணும் பீமும் சேரும் மூட்டுக்குள் ரிங் போடுவது கையை உள்ளே விட்டுச் செய்யும் சிரமமான வேலை. விழுந்த கட்டடங்களில் பல இடங்களில் மூட்டில் ரிங்கே இல்லை. இதெல்லாம் இப்படிச் செய் என்று இந்திய நெறிமுறை 1993லேயே அச்சாகி வந்துவிட்டது. படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை, கேட்க வேண்டிய அலுவலகம் கேட்கவில்லை.

இடிந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையின் முக்கியமான பகுதி. ஒரு ஊரைத் திரும்பக் கட்டுவது கட்டடம் கட்டுவது மாதிரி இல்லை. புஜ் நகரில் முதல் சண்டையே இங்கேயே இருப்பதா, வேறு இடத்துக்குப் போவதா என்பதுதான். கடைசியில் இரண்டும் நடந்தது. ஊருக்கு வெளியே புதிய குடியேற்றப் பகுதிகள் அமைத்து, போக விரும்பியவர்களுக்கு மனை கொடுத்தார்கள். கோட்டைக்குள்ளேயே இருக்க விரும்பியவர்களுக்காகப் பழைய ஊரின் தெருக்களைத் திரும்ப வரைந்தார்கள்.

வரைவதற்கு நிலம் எங்கிருந்து வரும்? தெருவை அகலப்படுத்த வேண்டும், முட்டுச்சந்துகளைத் திறந்து வேறு தெருவோடு சேர்க்க வேண்டும், நகரின் நடுவிலிருந்து வெளியே போகப் பெரிய சாலை வேண்டும். வழக்கமான வழி, சாலை போகும் இடத்தில் இருப்பவன் வீட்டை எடுத்துக்கொள்வது. அவன் மட்டும் நஷ்டப்படுவான், பக்கத்து வீட்டுக்காரன் சாலை முகப்புக் கிடைத்து லாபம் அடைவான். புஜ் நகரில் வேறு முறையைக் கையாண்டார்கள். குஜராத்தில் வெகுகாலமாகப் புறநகர் விரிவாக்கத்துக்குப் பயன்பட்ட முறை அது. எல்லா மனைகளையும் சேர்த்து ஒரே படமாகப் பார்த்து, ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கு நிலம் எடுத்து, மீதியை ஒழுங்கான மனையாக, முடிந்தவரை பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே திருப்பிக் கொடுப்பது. மிகச் சின்ன மனைக்காரரிடம் எதுவும் எடுக்கவில்லை. அதற்கு மேல் மனையின் அளவு கூடக்கூட எடுக்கும் பங்கும் கூடியது. பெரிய மனைகளிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட எடுத்தார்கள். படத்தை மக்கள் முன் வைத்தார்கள், ஆட்சேபம் கேட்டார்கள், திருத்தினார்கள்.

வீட்டை இழந்த ஒருவரிடம் போய், உன் மனையிலும் கொஞ்சம் தெருவுக்குக் கொடு என்று கேட்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மக்கள் கொடுத்தார்கள். சந்துக்குள் குரல் கேட்டு எதுவும் செய்ய முடியாமல் நின்றவர்கள் அவர்கள், தெரு எதற்கு என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்திய நகரமைப்பில் இதைவிட மதிக்கத்தக்க வேலையை நான் அறிந்ததில்லை.

குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. திட்டம் முடியும்வரை கோட்டைக்குள் கட்ட அனுமதி இல்லை. வரைந்து, கேட்டு, திருத்தி, ஒப்புதல் வாங்க ஆண்டுக் கணக்கானது. அதுவரை தகரக் கொட்டகை, கட்ச் வெயிலில். வீட்டுக்கான உதவி வீட்டுச் சொந்தக்காரருக்கு. வாடகைக்கு இருந்தவர்கள்? பழைய ஊரில் அவர்கள் ஏராளம். பலருக்குப் பழைய ஊருக்குத் திரும்ப வழியே இல்லாமல் போனது. தலைமுறையாக எதிர்வீடு, பக்கத்துவீடு என்று வாழ்ந்தவர்கள் வெவ்வேறு குடியேற்றப் பகுதிகளுக்குச் சிதறினார்கள். அகலமான தெருவில் திண்ணைப் பேச்சு குறையும். அந்த இழப்பையும் இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

வீடு கட்டும் வேலையைப் பெரும்பாலும் மக்களிடமே விட்டார்கள். மாநிலம் முழுவதும் சுமார் 2 லட்சம் வீடுகள் அப்படி எழுந்தன. பணம் வங்கிக் கணக்கில், தவணை தவணையாக. ஒரு கட்டம் முடிந்ததும் பொறியாளர் வந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டால்தான் அடுத்த தவணை. கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் கான்கிரீட் பட்டை ஓடுகிறதா, மூலையில் கம்பி நிற்கிறதா என்று பார்த்தார்கள். பல்லாயிரம் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புதிய மருத்துவமனையை அடித்தளத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகள் வைத்து 2004இல் திறந்தார்கள்; தரை ஆடினாலும் மேலே ஆட்டம் வெகுவாகக் குறையும், அறுவை சிகிச்சை நடந்துகொண்டே இருக்கலாம்.

இனி நம் ஊர். அகமதாபாத் 2001இல் எந்த நிலநடுக்க மண்டலத்தில் இருந்தது தெரியுமா? மூன்றாம் மண்டலம். சென்னை அப்போது இரண்டாம் மண்டலத்தில் இருந்தது. 2002இல் நெறிமுறையைத் திருத்தியபோது சென்னையையும் மூன்றாம் மண்டலத்தில் சேர்த்தார்கள். புஜ் அழிந்த அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலுக்கு அப்பால் 5.5 அளவில் ஒன்று வந்ததும், சென்னையில் மக்கள் தெருவுக்கு ஓடி வந்ததும் உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். கட்ச் மாதிரி 7.7 இங்கே வரும் என்று நான் பயமுறுத்தவில்லை; அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் மண்டலம் மாறிய 2002க்கு முன்னால் கட்டிய ஸ்டில்ட் குடியிருப்புகள் அண்ணா நகரிலும் அடையாறிலும் மடிப்பாக்கத்திலும் தெருத்தெருவாக நிற்கின்றன. அதற்குப் பிறகு கட்டியவற்றிலும் ரிங் கொக்கி எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? 2014இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்று நிலநடுக்கம் எதுவும் இல்லாமலேயே விழுந்து 61 பேர் செத்தார்கள்.

தெருக்களைப் பொறுத்தவரை, சௌகார்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகளை நான் காட்டத் தேவையில்லை. புதிய புறநகர்களில்கூட இருபதடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிறுத்திவிட்டு நடுவில் ஒற்றையடிப் பாதை விடுகிறோம். அந்தத் தெருவிலும் கிரேன் நுழையாது.

குடியிருப்புச் சங்கத்தினருக்குச் சில வேலைகள் சொல்கிறேன். ஸ்டில்ட் கட்டடம் என்றால் உடனே இடிக்க வேண்டியதில்லை. கார் நிறுத்துமிடத்தில் வண்டி போக இடைஞ்சல் இல்லாத சில இடங்களில், அடித்தளத்தோடு சேர்த்துக் கட்டிய கான்கிரீட் சுவர்களை இரண்டு திசையிலும் எழுப்பலாம். தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பியும் ரிங்கும் கட்டி உறை மாதிரி கான்கிரீட் போடலாம். எது, எங்கே, எவ்வளவு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்; மேஸ்திரி சொல்வதைக் கேட்டுச் செய்யாதீர்கள். செலவு கூடத்தான் இருக்கும், முப்பது வீட்டுக்குப் பிரித்துப் பாருங்கள். மொட்டை மாடியில் கூடுதல் தண்ணீர்த் தொட்டி, கூடுதல் அறை என்று கட்டுவதை இன்றே நிறுத்துங்கள். வேலை செய்யும்போது தூணிலோ பீமிலோ குழாய்க்காக ஓட்டை போட யாரையும் விடாதீர்கள். கட்டடம் விற்றவரிடம் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கிச் சங்கத்தின் அலமாரியில் வையுங்கள். பெரும்பாலான சங்கங்களிடம் அது இல்லை.

என் பேச்சு இவ்வளவுதான். யாராவது தங்கள் குடியிருப்பின் தூண் வரைபடம் கொண்டுவந்திருந்தால் மேடைக்கு எடுத்து வாருங்கள், எல்லோருமாகப் பார்ப்போம். மாணவர்களும் கிட்டே வாருங்கள்.